மெயில் மெர்ஜில் நான் பட்ட பாடு

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிக்கனக் கடன் சங்கத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். உறுப்பினர்கள் 900 பேருக்கு மேல், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். மார்ச் 31-ஆம் தேதிக் கணக்கு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போகும்: உங்கள் வைப்புத்தொகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, முதிர்வு தேதி இன்னது, புதுப்பிப்பதானால் அதற்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடவும். உறுப்பினர் விவரமெல்லாம் ஆக்சஸ் டேட்டாபேஸில் இருக்கிறது, கடிதம் வேர்டில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைப்பது மெயில் மெர்ஜ். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, புதிதாக ஒன்று வாங்கினோம். அங்கே ஆரம்பித்தது வினை. அந்த வருடம் சங்கத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல் வீண் செலவு. பணத்தைவிட, கேட்க ஆளில்லாமல் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து திரையை வெறித்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. அதனால் இதைப் படிப்பவர் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொல்லை கடிதத்தைத் திறக்கும்போதே வந்தது. ‘இந்த ஆவணத்தைத் திறந்தால் இந்த எஸ்க்யூஎல் கட்டளை இயங்கும், உங்கள் டேட்டாபேஸிலிருந்து விவரங்கள் ஆவணத்துக்குள் வரும், தொடரலாமா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் மொழி. படித்தால் யாருக்கும் பயம்தான் வரும். ‘நோ’ கொடுத்தால் கடிதம் திறக்கும், ஆனால் டேட்டாவோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். மெயிலிங்ஸ் பட்டியில் பாதி பட்டன்கள் மங்கிப்போய்க் கிடக்கும். ‘எஸ்’ கொடுத்தால் டேட்டா ஃபைலைக் காணோம் என்றது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். பார்த்தவர் "வேர்ட் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ரீ-இன்ஸ்டால் பண்ணிடலாம்" என்றார். 800 ரூபாய். திரும்ப வந்து திறந்தால் அதே பெட்டி, அதே கேள்வி. வேர்ட் கெட்டுப் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, அவ்வளவுதான். நம் கடிதம், நம் டேட்டாபேஸ் என்றால் தைரியமாக ‘எஸ்’ கொடுக்கலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அந்தக் கேள்வியே வராமல் செய்ய வழி உண்டு, நான் தொடவில்லை. வெளியார் அனுப்பும் ஃபைலைத் திறக்கும்போது காவலுக்கு நிற்பதும் அதே கேள்விதானே.

டேட்டாவைக் காணோம் என்றதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. டேட்டாபேஸ் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு விலாசத்தையும் வேர்ட் கடிதத்துக்குள் எழுதி வைத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் டி டிரைவ், புதியதில் சி டிரைவ். ஃபைலை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ, ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ போய், இருக்கிற பட்டியலைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மாற்றப் போகிறவர்கள் ரீ-இன்ஸ்டாலுக்குப் பணம் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை செய்து பாருங்கள்.

தொடர்பு கிடைத்தது. அடுத்து, பேட்டைவாரியாகப் பிரிக்கும் வேலை. மாம்பலம், அசோக் நகர், கோடம்பாக்கம் கடிதங்களைப் பக்கத்திலுள்ள செயற்குழு உறுப்பினர்களே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள், மற்றவைக்குத்தான் தபால். இதற்காக ஆக்சஸில் ஒரு குவரி, அதாவது வேண்டிய விவரத்தை மட்டும் பொறுக்கியெடுக்கும் கட்டளை, உண்டு: முகவரியில் ‘மாம்பலம்’ என்ற சொல் எங்கிருந்தாலும் எடு என்று, சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு, லைக் என்ற கட்டளையோடு எழுதியது. ஆக்சஸில் திறந்தால் இருநூறு சொச்சம் பெயர் வருகிறது. அதே குவரியை வேர்டிலிருந்து பிடித்தால் ஒரு பெயர்கூட இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. இதில்தான் நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டேட்டா போய்விட்டதோ என்று நெஞ்சு படபடக்கும். ஆக்சஸைத் திறந்தால் பத்திரமாக இருக்கும். வேர்டுக்குப் போனால் மறுபடி சூன்யம்.

விஷயம் இதுதான். வேர்ட் ஆக்சஸைத் திறந்து அதன் வழியாகப் படிப்பதில்லை. ஓஎல்இ டிபி என்று ஒரு பாதை இருக்கிறது, அது நேராக ஃபைலுக்குள் போகிறது. வேர்ட் 2002 முதல் அதுதான் வழக்கமான பாதை. அந்தப் பாதையில் ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்பதற்கு அடையாளம் நட்சத்திரம் இல்லை, சதவீதக் குறி. அதனால் நட்சத்திரத்தை அது நிஜமான நட்சத்திர எழுத்தாகவே எடுத்துக்கொண்டு, முகவரியில் நட்சத்திரம் போட்டிருக்கும் உறுப்பினர் யாராவது உண்டா என்று தேடுகிறது. யாரும் இல்லை, பட்டியல் காலி. சரி, சதவீதக் குறி போட்டுவிடலாம் என்றால் வேர்டில் வரும், ஆக்சஸில் வராது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. திறக்கும்போது ‘எந்தப் பகுதி?’ என்று கேட்கும் குவரிகள் வேர்டின் பட்டியலில் தலையே காட்டாது. ஆக்சஸ் படிவத்தில் தட்டிய மதிப்பை எடுத்துக்கொள்ளும் குவரியும் வேலை செய்யாது, ஏனென்றால் வேர்டைப் பொறுத்தவரை அப்படியொரு படிவமே திறந்திருக்கவில்லை. காலியாக உள்ள இடத்தில் வேறு மதிப்பு போட உதவும் என்இசட் என்ற ஃபங்ஷனும், அந்தத் தம்பி சொந்தமாக எழுதி வைத்திருந்த ஃபங்ஷன்களும் ஆக்சஸ் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் கண்ட ஒரே மருந்து: குவரியை ‘மேக் டேபிள்’ வகையாக மாற்றி, ஆக்சஸுக்குள்ளேயே ஓட்டி, வரும் பெயர்களை ஒரு தனி டேபிளில் போட்டு, வேர்டை அந்த டேபிளோடு மட்டும் இணைப்பது. அப்போது வேர்ட் எதையும் தேடவோ கணக்குப் போடவோ வேண்டியதில்லை, இருப்பதை எடுத்துக்கொண்டால் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும்: அந்த டேபிள் ஓட்டிய நேரத்தின் நகல். மறுநாள் யாராவது முகவரி மாற்றக் கேட்டு, நீங்கள் மூல டேபிளில் திருத்தினால், குவரியைத் திரும்ப ஓட்டாதவரை கடிதத்தில் பழைய முகவரிதான். திரும்ப ஓட்டும்போது ‘டேபிள் பயன்பாட்டில் இருக்கிறது, பூட்ட முடியவில்லை’ என்று ஆக்சஸ் முறைத்தால், பின்னால் வேர்ட் கடிதம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வேர்டை மூடிவிட்டு ஓட்டுங்கள்.

இவ்வளவும் கடந்து, கடிதம் அழகாக வந்தது. நான் பார்த்தேன், செயலாளர் பார்த்தார், பொருளாளரும் மேலோட்டமாகப் புரட்டினார். 600 கடிதம் தபாலில் போயிற்று. இரண்டாம் நாளே போன் வர ஆரம்பித்தது. "ஏம்மா, கடைசி தேதி மே 6-ன்னு போட்டிருக்கீங்க, அது முடிஞ்சு போச்சே. இப்ப லெட்டர் அனுப்பினா நான் என்ன பண்றது?" டேட்டாபேஸில் பார்த்தேன். ஜூன் 5. "சார், ஜூன் 5 தான், நீங்க சாவகாசமா வாங்க" என்று சொல்லி வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. ஒரு பெரியவர் வட்டி போய்விடுமோ என்று அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்தே வந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. இன்னொருவர், "6/25 என்று இருக்கிறதே, வருஷத்துக்கு இருபத்தஞ்சு மாசமா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது.

ஆக்சஸ் திரையில் நாம் பார்க்கும் 05-06 என்பது கண்ணுக்காகச் செய்த அலங்காரம். உள்ளே தேதி ஓர் எண்ணாக இருக்கிறது. நாம் இலையில் பரிமாறியதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; வேர்டோ நேராக அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்திலிருந்து எடுத்து வருகிறது. அப்படி எடுத்த தேதியை அமெரிக்க முறையில், மாதம் முன்னாலும் நாள் பின்னாலுமாக, 6/5/2024 என்று கடிதத்தில் போடுகிறது. விண்டோஸில் இந்தியத் தேதி முறையை வைத்திருந்தாலும் அது கவலைப்படவில்லை. நாங்கள் மூன்று பேரும் சரிபார்த்த முதல் கடிதத்தில் என்ன தேதி தெரியுமா? 6/6/2024. எந்த நாட்டு முறையில் படித்தாலும் ஜூன் 6.

திருத்த இரண்டு வழி. வேர்டிலேயே செய்வதானால், கடிதத்தில் ஆல்ட்டும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் ஃபீல்டுகளின், அதாவது டேட்டா வந்து உட்காரும் இடங்களின், உள்பக்கம் தெரியும். தேதி ஃபீல்டின் பெயருக்குப் பின், அடைப்பு முடியும் முன், பின்சாய்வுக் கோடு, அட் குறி, அப்புறம் மேற்கோளுக்குள் டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய் என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எம்எம் மட்டும் பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் போட்டால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 00 வந்து நிற்கும். ஃபீல்டைச் சுற்றியுள்ள வளைந்த அடைப்பைக் கீபோர்டில் தட்டிப் போடக்கூடாது, அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். புதிதாக வேண்டுமானால் கன்ட்ரோலும் எஃப்9-உம். இரண்டாவது வழி, அந்த மேக் டேபிள் குவரியிலேயே ஃபார்மட் என்ற ஃபங்ஷனைக் கொண்டு தேதியை எழுத்தாக மாற்றிவிடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எழுத்தாக மாறிவிட்ட தேதியில் வேர்ட் கை வைக்காது. கடிதத்தை யாராவது அடுத்த வருடம் புதிதாக அடித்தாலும் தேதி கெடாது.

அந்த 600 கடிதத்துக்கு ஆன கணக்கு: தபால்தலை 5 ரூபாய், அச்சு 2, உறை 1. ஆக 4,800. திருத்தக் கடிதத்துக்கு மறுபடி அதே 4,800. செயற்குழு கோபப்படவில்லை, தபால் செலவில் எழுதிக்கொண்டார்கள். பொருளாளர் மட்டும் அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் ‘இந்த மாதம் தேதியெல்லாம் நேராக இருக்கிறதா?’ என்று கேட்காமல் விடவில்லை.

தொகையிலும் இதே கதைதான், ஆனால் கடிதம் போகும் முன் பிடித்துவிட்டேன். வட்டியை எக்செலில் போட்டு ஆக்சஸுக்குள் கொண்டு வருகிறோம். எக்செல் கட்டத்தில் 1312.42 என்று தெரிந்தாலும் உள்ளே 1312.416666 என்று வால் நீண்டிருக்கிறது. கடிதத்தில் அந்த வால் முழுதும் இறங்கியது. வேர்ட் ஃபீல்டில் பின்சாய்வுக் கோடு, ஹேஷ் குறி, மேற்கோளுக்குள் 0.00 என்று போட்டால் இரண்டு தசமத்தோடு நிற்கும். ஆனால் பணம் என்பதால் காட்சிக்கு மட்டும் சுருக்குவது போதாது. எக்செலிலேயே ரவுண்ட் போட்டு, உள்ளே இருக்கும் எண்ணையே பைசாவுக்கு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தில் உள்ள தொகைகளைக் கூட்டினால் பேரேட்டோடு ஒட்டாது, தணிக்கையில் அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். லட்சத்துக்குரிய இடத்தில் கமா வேண்டும் என்று நான் மல்லுக்கட்டவில்லை. 125000.00 என்றே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எக்செலைப் பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. இங்கே பாதி வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. முகவரியில் 12/5 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், 12-மே என்று. பிறகு திருத்தப் பார்த்தால் உள்ளே ஐந்து இலக்கத்தில் ஏதோ ஓர் எண் இருக்கும், வீட்டு எண் போனது போனதுதான். தட்டும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வையுங்கள். 044 என்ற தொலைபேசிக் குறியீட்டின் முன் பூஜ்யமும் அப்படித்தான் தப்பும். வேர்டை நேராக எக்செலோடு இணைப்பவர்களுக்கு இன்னொன்று: அந்தப் பாதை முதல் 8 வரிகளைப் பார்த்துத்தான் ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்று முடிவு கட்டுகிறது. முதல் 8 வீடும் வெறும் எண்ணாக இருந்து, பிறகு 14ஏ என்று வந்தால் அந்த இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ வரலாம்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய உறுப்பினர் பெயர்கள், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. அதில் தமிழ் என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது; அந்த எழுத்துருவை மேலே போர்த்தினால்தான் தமிழாகத் தெரியும். புதிய பெயர்கள் யூனிகோடில். ஒரே ஃபீல்டில் இரண்டும் கலந்திருந்தால் எந்த எழுத்துரு போட்டாலும் ஒரு பாதி குப்பைதான். மாற்றியில் கொடுத்து எல்லாவற்றையும் யூனிகோடாக்குவதே முடிவான வழி. ஆனால் மாற்றியதும் கண்ணால் பாருங்கள். ஆங்கிலத்தில் கே என்று போட்டிருந்த இனிஷியல்கள் எல்லாம் மாற்றியில் புகுந்து ‘மு’ ஆகி வெளியே வந்தன. ஒரு கே. ராமச்சந்திரன் மு. ராமச்சந்திரன் ஆனால் பணம் சார்ந்த கடிதத்தில் அது வேறு ஆள். பட்டியலை சிஎஸ்வியாக, அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாகச் சேமித்து எடுத்துப் போவதென்றால் யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள்; சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும், அதை மீட்க முடியாது.

ஒரு சிலருக்குக் கடிதத்தின் கடைசிப் பத்தி பாதிச் சொல்லோடு வெட்டுப்பட்டு வந்தது. அது ‘லாங் டெக்ஸ்ட்’ வகை ஃபீல்டில் இருந்த விளக்கக் குறிப்பு. ஒரே பெயர் இரண்டு தடவை வராமலிருக்கக் குவரியில் தனித்த மதிப்புகள் மட்டும் என்று கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் ஆக்சஸ் நீண்ட உரையை 255 எழுத்தோடு வெட்டுகிறது. தமிழில் அந்த 255 சீக்கிரமே தீர்ந்துவிடும்: ‘கொ’ இரண்டு இடம் பிடிக்கும், ‘ஸ்ரீ’ நான்கு. குறிப்பு ஃபீல்டை அந்தக் குவரியிலிருந்து விலக்கி, அடுத்த குவரியில் உறுப்பினர் எண் வழியாகச் சேர்த்ததும் முழுப் பத்தியும் வந்தது.

உறைமேல் ஒட்டும் லேபிளில் ஒரு கட்டு தாள் பாழானது. ஒரு தாளில் 24 லேபிள், 24-லும் ஒரே ஆள். முதல் கட்டத்தில் முகவரியை அமைத்ததும் ‘அப்டேட் லேபிள்ஸ்’ பட்டனை அழுத்த வேண்டும். அப்போதுதான் மற்றக் கட்டங்களுக்கு நகல் போகும், இரண்டாவது கட்டத்திலிருந்து ‘நெக்ஸ்ட் ரெக்கார்ட்’ என்ற குறி சேரும். முதல் கட்டத்தில் அந்தக் குறி இருக்கக்கூடாது, இருந்தால் முதல் உறுப்பினர் காணாமல் போவார். முதல் கட்டத்தில் எதை மாற்றினாலும் மறுபடி அப்டேட். அச்சுப்பொறியில் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு என்ற வசதியை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில், முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, லேபிள் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது டேட்டாபேஸில் சில போலி உறுப்பினர்களை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். ஒருவருக்கு முதிர்வு தேதி மாதத்தின் 25, இன்னொருவருக்கு 5. ஒருவருக்கு வீட்டு எண் 12/5, இரண்டாம் வரி முகவரி காலி. ஒருவருக்கு பைசா 5 மட்டும், ஒருவருக்கு நீண்ட தமிழ்ப் பெயர், நீண்ட குறிப்பு. முதலில் இவர்களுக்கு மட்டும் கடிதம் அடித்து, டேட்டாபேஸ் திரையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். நேராக அச்சுப்பொறிக்கு அனுப்புவதே இல்லை. ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்’ கொடுத்து எல்லாக் கடிதத்தையும் ஒரே புதிய ஃபைலாக எடுத்து, பக்க எண்ணிக்கை உறுப்பினர் எண்ணிக்கையோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்து, ஐம்பது ஐம்பதாக அடிக்கிறேன். கடிதத்தின் மாதிரியைச் செயலாளர் ஒப்புதலுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் முன் ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’ போய் ‘நார்மல் வேர்ட் டாக்குமென்ட்’ என்று மாற்றி ஒரு நகல் எடுத்து அதைத்தான் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த எஸ்க்யூஎல் பெட்டி வந்து, அவர் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்வார்.